முருங்கைக் கிளையும் முழங்கை எலும்பும்

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஃபிளாட்டில் வளரும் பிள்ளையை "நாமெல்லாம் எப்படி ஆடினோம், இவனும் கொஞ்சம் வெயிலில் திரியட்டுமே" என்று அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு. விடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் மறு வருஷமும் விட்டேன். ஆனால் 2024 மே மாதம் எனக்கு நடந்ததைப் பற்றி யாராவது முன்கூட்டியே காதில் போட்டிருந்தால், கையைவிட்டுப் போன பணத்தில் கொஞ்சமும் அன்றைய ராத்திரிப் பதற்றத்தில் பாதியும் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் ஊர் கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சிப் பக்கம். மழை குறைந்த பூமி. எங்கே பார்த்தாலும் முருங்கை, பனை, வேலிக்குள் ஆட்டுப்பட்டி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காலையில் பழையதைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் சாய்ந்துதான் வீடு. சோளத்தட்டுப் போர் மேலிருந்து சறுக்குவது, நுங்கு வண்டி ஓட்டுவது, கிணற்றில் குதிப்பது. "எங்க அம்மாவுக்கு நாங்க எங்கே இருக்கோம்னே தெரியாது" என்று இப்போது எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அது பாதிதான் உண்மை. வழியில் ஆடு மேய்க்கிற ஆத்தா பார்ப்பார், மோட்டார் போட வந்த மாமா பார்ப்பார், சாயந்திரம் விஷயம் வீட்டுக்கு வந்துவிடும். அதைவிட, எங்கள் கூட்டத்தில் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற அக்கா, அண்ணன் யாராவது எப்போதும் இருப்பார்கள். முருங்கையில் ஏறாதே, மொடக்கென்று முறியும். நாவல் மரத்தில் கிளை நுனிக்குப் போகாதே. புளியங்கிளை வளையும், விடாது. மாமரத்தில் கை வைக்கும் முன் முசுறுக் கூடு இருக்கிறதா பார். மோட்டார் ஓடும்போது கிணற்றில் இறங்காதே. இதையெல்லாம் எந்தப் பெரியவரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கூட்டத்தில் மூத்தது சொல்லும், கேட்காவிட்டால் தலையில் குட்டும்.

இப்போது அந்தக் கூட்டம் இல்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகள் காலையில் வேன் ஏறித் தூரத்துப் பள்ளிக்குப் போகிறார்கள், லீவிலும் ஏதோ ஒரு வகுப்பு, மீதி நேரம் போன். தோட்டம் அப்படியே இருக்கிறது, கிணறு அப்படியே இருக்கிறது, சொல்லித்தர ஆள்தான் இல்லை. எட்டு வயசுப் பையனை அந்தக் காலியான தோட்டத்தில் இறக்கிவிட்டு "நம்மைப் போல வளரட்டும்" என்றால் எப்படி? எங்களுக்குக் கிடைத்ததில் பாதிதானே அவனுக்குக் கிடைக்கிறது.

வீட்டில் பயம் இல்லாமல் இல்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததே, அந்தத் தீபாவளி முழுக்க நாங்கள் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அம்மா எங்கள் காட்டில் ஒரு குழியை விட்டுவைக்கவில்லை. பழைய போர்க்குழாய்க்கு மூடி போட்டு வெல்டிங் வைத்தார், கிணற்றுமேட்டில் முள் வெட்டிப் போட்டார். பேரன் வந்தால் "சாமி, கிணத்துப் பக்கம் போவாத" என்பது மட்டும் மந்திரம் போல ஓடிக்கொண்டிருக்கும். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் மேலே இருந்தான்.

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இருந்த முருங்கை மரம் பார்க்க அவ்வளவு அழைப்பாக இருக்கும். இடுப்பு உயரத்திலேயே கவை, கால் வைக்க வாகு, உச்சியில் கொத்துக் கொத்தாகக் காய். அம்மாயி சாம்பாருக்குக் காய் பறித்துத் தருகிறேன் என்று ஏறியிருக்கிறான். நான் அடுப்படியில் இருந்தேன். கிளை முறிந்த சத்தம் கேட்டது, அவன் சத்தம் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்திருக்கிறான், உதடு வெளுத்திருக்கிறது, இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டிருக்கிறான். விழுந்த உயரம் எங்கள் சென்னைக் குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவர்கூட இருக்காது. கையை ஊன்றி விழுந்திருக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கைக்கு மேலே வீங்கி, கை நேராக இல்லாமல் ஒரு நெளிவு நெளிந்து நின்றது.

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் இருந்தார், போன் போகவில்லை. வாட்ஸாப்பில் ஒற்றை டிக்கோடு நின்ற செய்தியைத்தான் அன்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா, "அம்மிணி, இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? கட்டுக்காரர் பக்கத்துலதான் இருக்காரு. என் காலைப் பாரு, இன்னைக்கும் ஏர் ஓட்டறேன்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அவர் கணுக்கால் நிஜமாகவே நன்றாகத்தான் கூடியிருக்கிறது. ஒரு சித்தி நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு உருவிவிட வந்துவிட்டார். எல்லோரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், முடிவெடுக்க நான் ஒருத்திதான். கை நடுங்கியது. என்ன காரணம் என்று தெரியாமலேயே "யாரும் தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். ஊரில் அதற்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை.

காரணத்தை மருத்துவர் பிறகு சொன்னார். அதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்து முழங்கைப் பக்கம் அடிபட்டால் பெரும்பாலும் உடைவது மூட்டுக்குச் சற்று மேலே, மேல்கை எலும்பின் அடிப்பகுதி. அந்த இடத்தில் எலும்பு மெல்லியது. அதற்கு நேர் முன்னாலேயே கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் நரம்புகளும் ஓடுகின்றன. உடைந்த முனை அதைக் குத்தலாம், அழுத்தலாம். அந்த நிலையில் எண்ணெய் போட்டு உருவினாலோ, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினாலோ, வீக்கத்துக்கு இடமில்லாமல் உள்ளே ரத்த ஓட்டம் நின்றுவிடும். சில மணி நேரம் அப்படியே இருந்தால் முன்கைத் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். பிறகு எத்தனை லட்சம் செலவழித்தாலும் முழுதாகத் திரும்பாது. பெரியவருக்குக் கணுக்காலில் கட்டிய கட்டு கூடியது என்பதை வைத்து குழந்தையின் முழங்கையில் சோதிக்க முடியாது என்று அவர் சொன்னபோது பெரியப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டில் நடந்தால் முதலில் கையில் கட்டியிருக்கிற கயிறு, காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். என் பையன் மணிக்கட்டில் கோயிலில் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருந்தது. "சாமி கயிறு, அறுக்கக் கூடாது" என்று அம்மா தடுத்தார். கார் பாதி தூரம் போவதற்குள் அது தோலில் பதிந்துபோய், கத்தரியின் முனை உள்ளே நுழைய இடமில்லை. டிரைவர் பிளேடு வாங்கி வந்து அறுத்தார். அந்த ஒரு கயிற்றை அறுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்தது, கை எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள். நேராக்கவும் வேண்டாம், முழுதாக மடக்கவும் வேண்டாம். தினத்தாளை நாலாக மடித்து அடியில் கொடுத்து, துப்பட்டாவைத் தளர்வாகச் சுற்றிக் கழுத்தோடு தொங்கவிட்டால் போதும். விரல் நுனி சிவப்பாக, கதகதப்பாக இருக்கிறதா என்று வழி நெடுக தொட்டுப் பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். போட முடியாவிட்டால், அல்லது விரல் வெளுத்துக் குளிர்ந்துபோயிருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அப்புறம் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். இது யாருக்கும் தோன்றாது. அடிபட்ட பிள்ளைக்கு ஆறுதலாக ஏதாவது கொடுப்பதுதானே நம் வழக்கம். வழியில் வண்டியை நிறுத்தி பெரியப்பா பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். பசி வேறு, பையன் முழுதாகச் சாப்பிட்டான். கரூர் போய்ச் சேர்ந்ததும் மயக்க மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப என்ன சாப்பிட்டான்?" திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆக வேண்டுமாம், இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். நல்லவேளை, ரத்த ஓட்டம் சரியாக இருந்ததால் காத்திருக்க முடிந்தது. ஒரு பன்னுக்காகப் பையன் வலியோடு நள்ளிரவு வரை கிடந்தான்.

கரூருக்கு முன்னால் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் நின்றோம். அங்கே எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டு போட்டு, 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, "குழந்தைக்கு இங்க பண்ண மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள். இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். போகும் முன் போன் செய்து "குழந்தைக்கு முழங்கை உடைந்திருக்கிறது, எலும்பு மருத்துவரும் மயக்க மருத்துவரும் இப்போது இருக்கிறார்களா" என்று கேட்டுவிடுங்கள். 108ஐக் கூப்பிட்டிருந்தால் செலவும் இல்லை, அவர்களே கையை அசையாமல் கட்டி எடுத்துப் போயிருப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் வாசலில் நின்ற காரைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

தோலைக் கிழிக்காமல் எலும்பைப் பொருத்தி, வெளியிலிருந்தே மெல்லிய கம்பிகள் இரண்டைச் செலுத்தி நிறுத்தினார்கள். முன்பணம் 40,000. டிஸ்சார்ஜ் ஆகும்போது மொத்தம் 78,000. கார், மருந்து, எக்ஸ்ரே எல்லாம் தனி. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்தது. காப்பீடு இருந்தது, ஆனால் அந்த மருத்துவமனை எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லை என்றார்கள், சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன். 2024 ஜனவரியிலிருந்து பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் வசதி, கேட்கலாம், அவசர சிகிச்சை என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னால் பரிசீலிப்பார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும், கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்டுப் பார்க்கக் காசா பணமா? பாலிசி எடுத்த புதிதில் இருக்கும் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஊருக்குப் போகும்போது பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திரும்ப வாங்குவது தனிக் கதை. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் அனுப்பினேன். "குழந்தை எப்படி விழுந்தது என்பதற்கு ஏ.ஆர். காப்பி வேண்டும்" என்று ஒரு மெயில். விபத்து என்று சேர்த்தால் மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவார்களே, அந்த நகல். அது முடிந்து, உள்ளே வைத்த கம்பியின் ஸ்டிக்கர் ஒட்டிய பில் வேண்டும் என்று இன்னொரு மெயில். போனில் கேட்டால் நேரில் வாருங்கள் என்றார்கள். லீவு போட்டு, ராத்திரி பஸ் பிடித்து, கரூர் போய் இரண்டு தாளை வாங்கிக்கொண்டு அதே நாள் பஸ்ஸில் திரும்பினேன். டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் நிற்கும்போதே இரண்டையும் கேட்டு வாங்கியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கடைசியில் வந்தது 57,000. பாலிசியில் அனுமதித்ததைவிட அறை வாடகை அதிகமாம். வாடகை வித்தியாசத்தை மட்டும் கழிப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, அந்த விகிதத்தில் மருத்துவர் கட்டணம் உட்படப் பலதையும் வெட்டுவார்கள். அறை கேட்கும் முன் உங்கள் வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். அன்றைக்கு ஏசி இல்லாத அறையும் காலியாகத்தான் இருந்தது.

கம்பியை எடுத்தபோது பையன் கை பாதிதான் நீண்டது. எனக்கு மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. மறுபடியும் எண்ணெய்க் கிண்ணம் வந்தது, இந்த முறை சென்னைக்கே. மூட்டை உருவுவதோ, பிடித்து இழுத்து நீட்டுவதோ கூடாது, அப்படிச் செய்தால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக இறுகிவிடலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். "வேற என்ன பண்ணணும் டாக்டர்?" என்றேன். "விளையாட விடுங்க" என்றார். நிஜமாகவே அவ்வளவுதான். பந்து எறிந்தும் சுவரில் தொங்கியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை தானாக நீண்டது.

எங்கே விளையாடுவது என்பதுதான் கேள்வி. எங்கள் குடியிருப்பில் ரப்பர் தரை போட்ட பூங்கா இருக்கிறது. ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், மரம் ஏறக் கூடாது என்று ஒரு போர்டு. என் பையன் கையில் கட்டோடு திரும்பி வந்ததும் அசோசியேஷன் குரூப்பில் அவனே உதாரணமாகிவிட்டான். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் கீழே இறங்கக் கூடாது என்று புது விதி. சைக்கிளுக்கும் பந்துக்கும் தடை. அவன் விழுந்தது இங்கே இல்லை, இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதினேன், கட்டைவிரல் குறிகூட விழவில்லை. எரிச்சல் தாங்காமல், கனடாவில் குழந்தை மருத்துவர்களின் சங்கமே அதே வருஷம் ஜனவரியில் வெளியில் துணிந்து விளையாடுவது பிள்ளைகளுக்கு அவசியம் என்று அறிக்கை விட்டிருப்பதைப் போட்டேன். "கனடா வேற மேடம்" என்று ஒருவர் பதில் போட்டார். அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது ஒன்று. பிள்ளையே பார்த்து எடைபோட்டு முடிவெடுக்கக் கூடிய சவாலை அவனிடம் விடுங்கள், அவனால் கண்டுபிடிக்கவே முடியாத கேட்டை நீங்கள் அகற்றுங்கள் என்கிறது. மரத்தின் உயரம் அவனுக்குத் தெரியும். முருங்கை முறியும் என்பது எப்படித் தெரியும்?

அதனால் 2025 மே மாதம் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகச் சித்தப்பா பேத்தியைப் பிடித்தேன். ஒன்பதாவது முடித்தவள், இன்னும் காடு மேடெல்லாம் சுற்றுகிற ஒரே பிள்ளை. "அத்தை, சும்மாவெல்லாம் பாத்துக்க மாட்டேன்" என்று ஒரு ஷட்டில் பேட் கேட்டாள். 900 ரூபாய். நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம். முதல் நாள் அவனைக் காடு முழுக்க நடத்திக் காட்டினாள். பம்ப்செட்டுக்குப் போகும் வயர் எங்கே தரையோடு கிடக்கிறது, யார் வேலியில் பன்றிக்காகக் கம்பி இழுத்திருக்கிறார்கள், எந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, எந்தத் தட்டுப் போருக்கு அடியில் பாம்பு படுக்கும் என்று எனக்கே தெரியாத விஷயங்கள். மரம் ஒவ்வொன்றையும் காட்டி, கிளையை அமுக்கி ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். கொய்யாவும் புளியும் சரி, முருங்கையும் நாவலும் இல்லை. ஏறும்போது மூன்று பிடி எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும், பட்டுப்போன கிளையில் பட்டை உரியும், இப்படி.

என் பங்குக்கு விதிகளைக் குறைவாகவே வைத்தேன். எங்கே போகிறாய், யாரோடு என்று சொல்லிவிட்டுப் போ. செருப்பில்லாமல் போகாதே, பொழுது சாய்ந்தால் டார்ச் எடு. பாம்பு கடித்தால் ஓடாதே, இறுக்கிக் கட்டாதே, கீறாதே, கத்திக் கூப்பிடு. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதை அம்மாவுக்கும் சொல்லிவைத்தேன், ஏனென்றால் அவர் அதற்கும் ஒரு மந்திரிப்பவரை வைத்திருந்தார். கல்குவாரித் தண்ணீர்ப் பக்கம் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. செங்குத்தான பாறை, கால் வைக்கப் படி கிடையாது, ஆழம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வருகிறதே, அதில் நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் உண்டு.

கிணறுதான் இன்னும் தீராத விவகாரம். சென்னையில் 4,500 ரூபாய் கட்டி நீச்சல் பழக்கினேன், நாலடி குளத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருகிறான். கிணற்றில் இறங்கியதும் படியை விடவில்லை. நாங்கள் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகினோம், இவனுக்கு முதுகில் பிளாஸ்டிக் கேன். இருநூறு எண்ணும் வரை கேன் இல்லாமல் சுவரைத் தொடாமல் மிதந்து காட்டினால்தான் மோட்டார் திட்டிலிருந்து குதிக்க விடுவேன் என்று சித்தப்பா பேத்தி கறாராகச் சொல்லிவிட்டாள். நூற்று நாற்பதில் சுவரைப் பிடித்தான். ஊர் திரும்பும் வரை விடவில்லை, அவனும் பஸ்ஸில் சேலம் தாண்டும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அடுத்த மே மாதத்துக்குள் அவள் பத்தாவது முடித்துவிடுவாள், உடனே நீட் கோச்சிங்கில் சேர்க்கப் போவதாக அவள் அம்மா சொல்கிறார். இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான், நன்றாக நீந்துவான், ஆனால் போனைக் கீழே வைக்க மாட்டான். அவனிடம்தான் பேசிப் பார்க்க வேண்டும்.